இருநூத்து நாப்பது லிட்டர்

நான் மருந்தடிக்கிறவன். பூச்சி மருந்து, பூஞ்சை மருந்து, களை மருந்து, எதைக் கொடுத்தாலும் அடிச்சுத் தருவேன். அதுக்காக மூணு நாள் வகுப்புல உக்காந்து, பரீட்சை எழுதி, போட்டோ ஒட்டின சர்டிபிகேட் வாங்கி வச்சிருக்கேன். சுத்துவட்டாரத்துல அது இருக்கிறது எனக்கு மட்டும்தான். வேலை நேரம் பூரா மாஸ்க்கும் கண்ணாடியுமா திரியறதால ஊரே என்னை 'முகமூடி'ன்னுதான் கூப்பிடும். பெத்தவங்க வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இந்தக் கதையில தப்பு பண்ணினவன் யாருன்னு கடைசி வரைக்கும் உங்களைத் தேட விடப் போறதில்ல. நான்தான். முதல்லயே சொல்லிட்டா உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி.

எங்க அக்கா வீடு ஓடைக்கரையில. அவ புருஷன், எங்க மாமா, நாத்துப் பண்ணை வச்சிருக்கார். நிழல் வலைக்குக் கீழ வரிசை வரிசையா ட்ரே, ட்ரேயில குழி, குழிக்கு ஒரு நாத்து. தக்காளி, மிளகாய், கத்திரி, கோஸ். விவசாயிங்க வந்து வாங்கிட்டுப் போய் நடுவாங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி விட்டே ஆகணும். ஒரு வேளை தவறினா நாத்து தலையைத் தொங்கப் போடும். ரெண்டு நாள் தவறினா பெருக்கி அள்ள வேண்டியதுதான். அந்தத் தண்ணி ஓடையிலேருந்து மோட்டார் வச்சு எடுக்கிறது. மாமாவுக்கு வேற கிணறோ போரோ கிடையாது.

மாமா, கால் தவறி ஒரு நாத்தை மிதிச்சுட்டா குனிஞ்சு நிமிர்த்தி விட்டுட்டு 'பார்க்கல'ன்னு அதுகிட்டயே சொல்ற ரகம். எங்க அக்கா அப்படி இல்ல. அவ கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லித் தப்பிச்சவன் இன்னும் பொறக்கல. நான் தங்கியிருக்கிறது சைக்கிள் கடைக்கு மேல ஒரு ரூம்ல, மத்தியானச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டுல. அதனால தினமும் ஒரு மணிக்கு அந்த அடுப்படி மேஜையில அவளுக்கு எதிர உக்காந்தே ஆகணும்.

ஓடைன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. நீளக் கால் உள்ளவன் ரெண்டு எட்டுல தாண்டிடலாம். ஆனா ரெண்டு கரையிலயும் ஆள் உசரத்துக்கு நாணல், அதுக்குக் கீழ கோரை, தண்ணிக்குள்ள நீளநீளமா பச்சைக் கொடி, தலை வாரி விட்ட மாதிரி ஓட்டத்தோட ஒரே பக்கமா சாஞ்சிருக்கும். அக்கா துணி துவைக்கிற கல்லைச் சுத்திப் புதினா. யாரும் நடல, எங்கிருந்தோ மிதந்து வந்து ஒட்டிக்கிச்சு. தும்பி, நத்தை, ஒரு ரூபாய் அகலத்துல சின்னச் சின்னத் தவளைங்க. இதையெல்லாம் நான் அப்போ நின்னு பார்த்தவன் இல்ல. இப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழத்தோட்டத்துல களை மருந்து அடிக்கிற வேலை. தோட்டக்காரர் பெரிய ஆள், தண்ணிச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். என் டேங்க் அறுநூறு லிட்டர், டிராக்டர் பின்னாடி இழுக்கிறது. தோட்டத்துத் தண்ணி உப்பு, மருந்து சரியா வேலை செய்யாது. அதனால மாமா கரையில கொண்டு போய் நிறுத்தி, ஓடையில பைப்பைப் போட்டு, சின்ன பெட்ரோல் பம்ப் வச்சு நிரப்பிப்பேன். மாமா ஒருநாளும் முகம் சுளிச்சதில்ல. நிரப்பி முடிக்கிறதுக்குள்ள டீ வேற வரும்.

இந்த இடத்துல தொழில் விஷயம் ஒண்ணு சொல்லணும். ஓடையில கிடக்கிற பைப் முனையில ஒரு வால்வு இருக்கணும். அது தண்ணியை மேல விடும், திரும்பக் கீழ விடாது. அந்த வால்வு இல்லாம, டேங்குக்குள்ள இருக்கிற முனையும் மருந்துத் தண்ணியில முங்கிக் கிடந்தா, பம்ப்பை நிறுத்தின உடனே ஏறின தண்ணி வந்த வழியே இறங்க ஆரம்பிச்சுடும். டேங்க் மேட்டுல இருக்கு, ஓடை பள்ளத்துல இருக்கு, அவ்வளவுதான். அதனாலதான் டேங்குக்குள்ள பைப் முனைக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி விடணும்னு வகுப்புல முதல் நாளே சொன்னாங்க. பரீட்சையில முதல் கேள்வியும் அதுதான். முழு மார்க் வாங்கினேன்.

எழுதறது வேற, செய்யறது வேற. வால்வுல பாசி அடைக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தண்ணிக்குள்ள கையை விட்டு நோண்டணும். எரிச்சல்ல ஒருநாள் கழட்டி எறிஞ்சேன். சாண் இடைவெளியும் விட மாட்டேன். மருந்தை முதல்ல ஊத்திட்டு, பைப்பை டேங்க் அடி வரைக்கும் விட்டுட்டா, தண்ணி வர்ற வேகத்துல தானா கலந்துடும். குச்சி வச்சுக் கலக்கற வேலை மிச்சம். எங்க தொழில்ல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. எல்லாரும்னா, சர்டிபிகேட் இல்லாதவங்க. ஊருக்குத்தான் உபதேசம்னு சும்மாவா சொன்னாங்க.

டேங்க் நிறைஞ்சுது. பம்ப்பை நிறுத்தினேன். போன் அடிச்சுது. கரையில சிக்னல் கிடைக்காது, மேட்டுக்கு ஏறிப் போனேன். அடுத்த வாரம் தன் தோட்டத்துக்கு வரச் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டார். அவர் ஒரு ஊர்க்கதை சொன்னார், நான் ஒண்ணு சொன்னேன். நல்லாச் சிரிச்சோம். இருபது நிமிஷம் இருக்கும். இறங்கி வந்து பார்த்தா டேங்க்ல தண்ணி முன்னூத்து அறுபதுல நிக்குது.

பக்கவாட்டுல கோடு போட்டு எண் எழுதியிருக்கும், அதுல பார்த்தேன். டேங்க் ஓட்டையான்னு குனிஞ்சு பார்த்தேன். கீழ மண்ணு காஞ்சு கிடந்துச்சு. பைப்பைத் தொட்டேன். உள்ள தண்ணி ஓடறது கைக்குத் தெரிஞ்சுது. ஓடையில முனைகிட்ட பால் கலந்த மாதிரி ஒரு வெள்ளை. பைப்பை வெளிய உருவினேன், அரை நிமிஷத்துல அந்த வெள்ளையும் ஓட்டத்தோட போயிடுச்சு. அப்புறம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? குறைஞ்சதுக்கு இன்னும் கொஞ்சம் மருந்தை ஊத்தினேன், தண்ணியை நிரப்பினேன், அடிக்கப் போயிட்டேன். ஓடுற தண்ணிதானே, கொண்டு போயிடும்னு மனசுக்குச் சொன்னேன். மனசும் சரின்னுடுச்சு. அதுக்கு எப்பவும் என் பக்கம்தான் சாய்வு.

நாலாம் நாள் சாப்பிடும்போது அக்காதான் முதல்ல சொன்னா, கல்லுகிட்ட புதினா பேப்பர் மாதிரி வெளுத்துக் கிடக்குன்னு. தண்ணியில காலை வச்சிருக்கிற செடி எப்படிக் காயும்னு கேட்டா. நான் வாயில சோத்தோட ஏதோ முனகினேன். சாப்பிட்டுட்டுப் போய்ப் பார்த்தேன். நாணல் நுனியிலேருந்து மஞ்சளாகிட்டு வந்துச்சு. அன்னிக்கே சாயங்காலம் கடைக்குப் போய்ப் புது வால்வு வாங்கி மாட்டினேன். வீடு எரிஞ்சப்புறம் வாளி வாங்கற புத்திசாலி நான்.

எட்டாம் நாள் ரெண்டு கரையும் வைக்கோல் நிறம். தண்ணிக்குள்ள பச்சைக் கொடி எல்லாம் பழுப்பாகி, வேர் அறுந்து, திட்டுத்திட்டா மிதந்து வந்து கல்லுல மாட்டி அழுகிச்சு. நத்தை ஓடு காலியா ஒதுங்கிச்சு. ஜன்னலைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம், அக்கா எல்லாக் கதவையும் சாத்திட்டா. அந்த வெயில்ல அடுப்படியில மூடின ஜன்னலுக்குள்ள உக்காந்து நான் சாப்பிட்டேன். வராம இருந்திருக்கலாம். வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பா.

இதுல மாமாவோட தலையெழுத்து ஒண்ணு. அவர் மோட்டார் பைப் இறங்குற இடம், நான் பைப் போட்ட இடத்துக்குப் பத்தடி மேல, தண்ணி வர்ற பக்கம். அதனால அவர் நாத்துக்கு ஒண்ணும் ஆகல. அவர் பைப்பு வரைக்கும் ஓடை பச்சை, அதுக்குக் கீழ அரை மைலுக்குச் செத்துப் போச்சு. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? தன் நாத்தைக் காப்பாத்திக்கிட்டு, கழிவைக் கீழ விட்டிருக்கான்னுதானே நினைப்பான். ஒம்பதாம் நாளே கடைத்தெருவுல அந்தப் பேச்சு வந்துடுச்சு.

அதே நாள்தான் பாட்டிலம்மா வந்தாங்க. அந்தம்மா ஓடை, குளம், வாய்க்கால் எல்லாம் சோதிக்கிற அதிகாரி. பெட்டி நிறைய பழுப்புக் கண்ணாடி பாட்டிலோட வர்றதால அந்தப் பேர். பிளாஸ்டிக் குழாயில செஞ்ச ஒரு சதுரச் சட்டம் வச்சிருப்பாங்க. அதைக் கரையில போட்டு, அந்தச் சதுரத்துக்குள்ள உயிரோட எத்தனை செடி, என்னென்ன செடின்னு மண்டி போட்டு எண்ணி எழுதுவாங்க. மாமா பைப்புக்கு மேல ஒரு சதுரத்துல பதினேழு வகை. கீழ ஒண்ணுகூட இல்ல. அங்கயும் அவங்க அவசரப்படாம, மேல எண்ணின அதே நேரம் எடுத்துப் பார்த்தாங்க. அதைப் பார்த்துட்டு நிக்க எனக்கு முடியல.

இந்த இடத்துல வேற யாராவது தண்ணி எடுக்கறாங்களான்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். அதுல ஒளிக்க என்ன இருக்கு, ஊருக்கே தெரியும். பைப்பைக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன். வால்வு பளபளன்னு இருந்துச்சு. இருக்குன்னு எழுதி, பக்கத்துல ஒரு டிக் போட்டாங்க. எப்ப வாங்கினதுன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனா? நூறு தடவை யோசிச்சிருக்கேன். சொல்லியிருக்க மாட்டேன். சர்டிபிகேட்டைப் பிடுங்கிட்டா வேற எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

இது வரைக்கும் நான் செஞ்சது அஜாக்கிரதை, கோழைத்தனம். ஊர்ல பாதிப் பேருக்கு அது உண்டு. அடுத்த நாள் செஞ்சதுக்குத்தான் பேர் இல்ல.

மாமா என்னை நிழல் வலைக்குள்ள கூப்பிட்டார். ட்ரேக்களுக்கு நடுவுல ரெண்டு பேர் ஒதுங்கித்தான் நிக்க முடியும். அதே செவ்வாய்க்கிழமை நடைபாதைப் புல்லுக்கு அவரும் கை ஸ்பிரேயர்ல கொஞ்சம் களை மருந்து அடிச்சாராம். அடிச்சு முடிச்சு, துவைக்கிற கல்லுல வச்சு ரெண்டு மக் தண்ணி விட்டுக் கழுவினாராம். கழுவின தண்ணி ஓடையில போச்சு. பாட்டிலம்மா வந்ததுலேருந்து அதையே நினைச்சுட்டு இருந்திருக்கார்.

"மாப்ளே, நீ படிச்சவன். அந்த ரெண்டு மக் தண்ணி இவ்வளவையும் கொல்லுமா?"

கொல்லாது. பக்கத்துல இருந்த புதினாகூட வாடியிருக்காது. வகுப்புக்கே போகாதவனுக்கும் தெரியும் அது. ஆனா 'கொல்லாது மாமா'ன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? அப்ப எதுடா கொன்னுச்சு? அந்த அடுத்த கேள்வி எனக்கு முன்னாடி வந்து நின்னுச்சு.

"சொல்ல முடியாது மாமா. மருந்தாச்சே" ன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை இல்ல, ரொம்ப நேரம் ஆட்டினார்.

அதுக்கப்புறம் மாமா சரியாச் சாப்பிடல. தட்டுல கையை வச்சு அளைவார், எழுந்துடுவார். அக்கா, வயித்துக்கு ஏதோன்னு கஷாயம் வச்சுப் பார்த்தா, டாக்டர்கிட்ட போகலாம்னா. அவர் அவகிட்ட எதையும் சொல்லல. விடிஞ்சா மண்வெட்டியோட கரைக்குப் போவார். மேல உயிரோட இருக்கிற நாணலை வேரோட தோண்டிக் கொண்டு வந்து, கீழ செத்த இடத்துல நடுவார். ஒரு வாரத்துல அதுவும் வெளுக்கும். மறுபடி கொண்டு வந்து நடுவார். இந்த மருந்து சேத்துல தங்கும், மாசக்கணக்குல இருக்கும், நட்டுப் பிரயோஜனமில்லன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மக் தண்ணிக்கு அப்படித் தங்காதுன்னும் தெரியும். எதைச் சொன்னாலும் மீதியையும் சொல்லியாகணும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி பல்லைக் கடிச்சுட்டு, நானும் கூடப் போய்க் குழி தோண்டிக் கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள் ஒரு மழை. பலத்த மழைகூட இல்ல. வேர் செத்த கரை எதைப் பிடிச்சுட்டு நிக்கும்? பாளம் பாளமா சரிஞ்சு ஓடையில விழுந்துச்சு. அக்கா துவைக்கிற கல்லும் உருண்டு சேத்துல முங்கிடுச்சு. மாமா மழையில நனைஞ்சுட்டு நின்னு பார்த்தார். நாத்துப் பண்ணைக்கும் ஓடைக்கும் நடுவுல நாலு எட்டு இடம் இருந்துச்சு, இப்ப ரெண்டரை எட்டுதான்னு அளந்து சொன்னார்.

முப்பத்தோராம் நாள் தண்ணிச் சங்கத்துல கூட்டம். சங்கத்துக் கட்டடம் முன்னாடி விதைக் கிடங்கா இருந்தது. ஜன்னல் கிடையாது, ஒரு ஷட்டர் மட்டும்தான். வெயில் முகத்துல அடிக்குதுன்னு அதையும் பாதி இறக்கி விட்டுட்டாங்க. இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபேன். எனக்கு நடுவுலதான் இடம் கிடைச்சுது. வெளிய போகணும்னா ஆறு பேர் முழங்காலைத் தாண்டணும்.

பாட்டிலம்மா போர்டுல ஓடையை ஒரு கோடா வரைஞ்சாங்க. எங்க வரைக்கும் உயிர் இருக்கு, எங்கிருந்து இல்லன்னு குறிச்சாங்க. தண்ணியிலயும் சேத்துலயும் இருந்தது களை மருந்துன்னு சொல்லி, பேரையும் சொன்னாங்க. அந்தப் பேரால ஒருத்தனைப் பிடிக்க முடியாது. எல்லார் வீட்டுலயும் அதே கேன்தான், ஒரே கடையில வாங்கினது. யாருக்காவது எதாவது தெரிஞ்சா சொல்லலாம்னாங்க, மரியாதையாத்தான் கேட்டாங்க.

மாமா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கிட்டு எழுந்தார். செவ்வாய்க்கிழமை, கை ஸ்பிரேயர், கல்லு, ரெண்டு மக் தண்ணி, எல்லாத்தையும் வரிசையாச் சொன்னார். "நான்தாங்க" ன்னு முடிச்சார். அக்காவுக்கே அப்பதான் தெரியும். அவ அவரைப் பார்க்கல. திரும்பி என்னைப் பார்த்தா. ஏன்னா இந்த அறையில மருந்து பத்தித் தெரிஞ்சவன் நான்தானே, ரெண்டு மக் தண்ணியில இது நடக்காதுன்னு நான் எழுந்து சொல்லணும்னு அவ காத்திருந்தா.

ஓடையில டேங்க் கழுவாதவன் கையைத் தூக்குன்னு அந்த நிமிஷம் கேட்டிருந்தா ஒரு கைகூட எழுந்திருக்காது. அது எல்லாருக்கும் தெரியும். சீக்கிரம் முடிஞ்சா போதும்னு தரையைப் பார்த்துட்டு உக்காந்திருந்தாங்க.

நான் எழுந்தேன். தைரியத்துல இல்ல. அக்கா பார்வையைத் தாங்க முடியாம எழுந்தேன். "மாமா இல்லைங்க. நான்தான். அன்னிக்கு என் பைப்புல வால்வு இல்ல. டேங்குல இருந்த மருந்து திரும்ப ஓடைக்குப் போயிடுச்சு" ன்னேன். சொல்லிட்டேன். முப்பது நாளா தொண்டையில இருந்தது வெளிய வந்துடுச்சுன்னு நினைச்சேன்.

பாட்டிலம்மா பேப்பரைப் புரட்டி, ஒம்பதாம் நாள் வால்வு இருந்ததே, நீங்கதானே காட்டினீங்கன்னு கேட்டாங்க. அது அப்புறம் மாட்டினதுன்னேன். அவங்க மேல கேக்கறதுக்குள்ள தலைவர் சிரிக்க ஆரம்பிச்சார். அக்கா புருஷன்னா விட்டுக் கொடுப்பானா, பாசக்காரப் பயன்னார். சர்டிபிகேட் வாங்கினவன் வால்வு இல்லாம வேலை செய்வானா, ஊர்ல குழந்தைகூட நம்பாதுன்னார். பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து சிரிச்சாங்க. பின்னால ஒருத்தர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். தலைவர் ஏன் சிரிச்சார்னு எனக்குப் புரியாம இல்ல. என்ன மருந்து, எப்ப அடிச்சதுன்னு எழுதி சர்டிபிகேட்காரன் என் கையெழுத்து இருந்தாதான் அவர் தோட்டத்துப் பழத்தை வெளியூர் வியாபாரிங்க எடுப்பாங்க. நான் போனா என் கையெழுத்தும் போச்சு, அந்தப் பழமும் போச்சு. மாமா போனா நாலு ட்ரே நாத்துதான்.

நான் இன்னும் ஒரு தடவை உரக்கச் சொல்லியிருக்கலாம். நாற்காலியைத் தூக்கிப் போட்டுச் சொல்லியிருக்கலாம். உக்காந்தேன். உக்காந்ததும், சொன்னா வெக்கக்கேடு, நிம்மதியா இருந்துச்சு. சொன்னது மாதிரியும் ஆச்சு, சர்டிபிகேட்டும் தப்பிச்சுது. முடிவை எழுதிட்டு, மாத்திச் சொல்றதா இருந்தா எழுத்துல கொண்டு வாங்கன்னு பாட்டிலம்மா என்னைப் பார்த்துச் சொன்னாங்க. ஆபீஸ் நாலு மணி வரைக்கும்னாங்க. சரிங்கன்னேன்.

மாமாதான்னு முடிவாச்சு, தண்டனையா அவரோட மோட்டாருக்கு ஒரு சீசனுக்கு சீல். வெளிய வந்ததும் நடுத்தெருவுல அவர் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டார். "எனக்காக இத்தனை பேர் முன்னாடி இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னியே மாப்ளே" ன்னு அழுதார். நான் என்ன பண்ணினேன்? அவர் முதுகுல கையை வச்சுத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாள் வந்து ஸ்விட்ச் பெட்டியில கம்பி கட்டி சீல் வச்சுட்டுப் போனாங்க. வீட்டுக் குழாயில தண்ணி காலையில ஒரு மணி நேரம்தான் வரும். அக்கா குடம் குடமா சுமந்து ஊத்தினா, நானும் சுமந்தேன். ரெண்டு பேர் இடுப்பொடிய ஊத்தினது நாலுல ஒரு பங்குக்குக்கூடக் காணல. ரெண்டாம் நாள் கோஸ் நாத்து சாஞ்சுது. மூணாம் நாள் காலையில மிளகாய். தக்காளி இன்னும் நின்னுட்டிருந்துச்சு. நாளைக்கு வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல தாங்காது. ஆபீஸுக்கு நான் போகல. ஒவ்வொரு குடமும் தூக்கும்போது, இதை ஊத்திட்டுப் போயிடணும்னு நினைப்பேன். அடுத்த குடம் இருக்கும்.

அன்னிக்கு மத்தியானம் ஒரு மணி. ஜன்னல் சாத்தின அடுப்படி. மாமா வலைக்குள்ள இருந்தார். அக்கா எனக்குச் சோறு போடாம எதிர வந்து உக்காந்தா. ஈரக் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, ரொம்ப சாதாரணமா, பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கிற குரல்ல கேட்டா.

"டேங்குல எவ்வளவுடா குறைஞ்சுது?"

"இருநூத்து நாப்பது லிட்டர்."

யோசிக்காம வந்துடுச்சு. பொய் சொல்றவன்னா ஒரு இருநூறும்பான், முன்னூறும்பான். இருநூத்து நாப்பதுன்னு எவனும் கற்பனை பண்ண மாட்டான். அக்கா முகம் மாறினதைப் பார்த்தப்ப, அன்னிக்கு அந்தக் கூட்டத்துல இந்த எண்ணை மட்டும் சொல்லியிருந்தா போதும்னு புரிஞ்சுது. அதனாலதான் சொல்லாம இருந்திருக்கேன்னும் புரிஞ்சுது.

அவ கத்தல. எழுந்து போய் மாமாவைக் கூட்டிட்டு வந்தா. இப்ப என்கிட்ட சொன்னதை இவர்கிட்ட சொல்லுன்னா. சொன்னேன். வால்வு, போன், இருபது நிமிஷம், முன்னூத்து அறுபதுல நின்ன தண்ணி, வெள்ளை. இந்தத் தடவை ஒண்ணும் விடல. மாமா மண்ணு ஒட்டின கையை மேஜை மேல வச்சுக்கிட்டு, பாடம் கேக்கிற மாதிரி கேட்டார்.

"அப்ப நான் இல்லையா?" ன்னார்.

"நீங்க இல்ல மாமா. உங்க ரெண்டு மக் தண்ணிக்கு ஒரு இலைகூட வாடியிருக்காது."

"இவர் உன்னைக் கேட்டாரா அதை?" ன்னு அக்கா கேட்டா. ஆமான்னு தலையை ஆட்டினேன். "எப்படா கேட்டார்?"

"பத்தாம் நாள்."

"நீ என்ன சொன்னே?"

"சொல்ல முடியாதுன்னு சொன்னேன்."

இருபத்து நாலு நாள். அக்கா விரல் விட்டு எண்ணல, ஆனா எண்ணினது எனக்குத் தெரிஞ்சுது. அவ வச்ச கஷாயம், அவர் நட்டு நட்டுச் செத்த நாணல், எல்லாம் அவ கண்ணுல வந்து போச்சு. அறைஞ்சிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன். அறையல.

மாமா இதெதையும் கவனிக்கல. அவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. எம்மேல கோவம் வரணுமே, திட்டணுமே, அந்த மனுஷனுக்கு அதுக்கெல்லாம் இடமே இல்ல. "கேட்டியா, நான் இல்லையாம்" ன்னு அக்காகிட்ட சொன்னார். திரும்ப ஒரு தடவை சொன்னார். அப்புறம், பசிக்குதுன்னார். இத்தனை நாளுக்கப்புறம் அவர் வாயால அந்த வார்த்தை. மாப்ளைக்கும் போடு, சேர்ந்து சாப்பிடறோம்னார்.

அக்கா அவருக்குத் தட்டு வச்சு நிறையப் போட்டா. எனக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வச்சா. மணி ஒண்ணேகால்.

மாமா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீ சாப்பிடலையா மாப்ளே?"

"அவன் எழுதி முடிக்கட்டும்" ன்னா அக்கா. "நீங்க சாப்பிடுங்க."